மேத்ஸ் எங்கே நின்னுச்சு?

ஃபைனல் இயர் வந்துட்டா ஜூனியர்ஸ் கேக்குறது ரெண்டே கேள்விதான். பிளேஸ்மென்ட்டுக்கு என்ன படிக்கணும், புராஜெக்ட்டுக்கு எந்த கைடு நல்லவர். ரெண்டுக்கும் இந்த இதழ்ல ஏற்கெனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் எழுத வந்தது வேற ஒண்ணைப் பத்தி. முதல் செமஸ்டர் ரிசல்ட் வர்ற ராத்திரி ஹாஸ்டல் வராண்டாவுல வருஷம் தவறாம கேக்குற ஒரு வசனம் இருக்கு: "எனக்கு மேத்ஸ் வராதுடி." எம்-1 அரியர் வச்சவங்க சொல்றது. அரியர் வைக்காதவங்களும் சொல்றதுண்டு.

வராதுன்னா? மழை வராது, டவுன் பஸ் வராதுன்னு சொல்ற மாதிரிதான். நம்ம கையில எதுவும் இல்ல, அதுவா வந்தாதான் உண்டு. பிளஸ் டூ படிக்கும்போது என்னைப் பத்தியும் சொந்தக்காரங்க இதையேதான் சொன்னாங்க. அப்படிச் சொல்ல அவங்களுக்குக் காரணமும் இருந்துச்சு. பிளஸ் டூ முதல் டெஸ்ட்ல 50-க்கு நான் எடுத்தது 11. பப்ளிக்ல 100-க்கு 81. நடுவுல ஏழு மாசம். அந்த ஏழு மாசத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை.

பரீட்சை இல்லாத ரெண்டு வருஷம்

எங்க பேட்ச் கொஞ்சம் விசித்திரமானது. 2020-ல நாங்க பத்தாவது. கொரோனாவால பப்ளிக் ரத்தாச்சு. காலாண்டு, அரையாண்டு மார்க்குல இருந்து 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம்னு போட்டு மார்க் ஷீட் கொடுத்தாங்க. அடுத்து பிளஸ் ஒன். அது பெரும்பாலும் போன்லயே போச்சு. 2021 பிப்ரவரியில 9, 10, 11 மூணு வகுப்புக்கும் ஆல் பாஸ்னு அறிவிப்பு வந்துச்சு. தெருவுல எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்கூல் திறந்தப்போ, ரெண்டு வருஷமா ஒரு பப்ளிக்கும் எழுதாம நேரா பிளஸ் டூ பெஞ்சுல போய் உக்காந்தோம்.

எங்க ஊர் கரூர். அப்பா பஸ் பாடி கட்டுற பட்டறையில வேலை. லாக்டவுன்ல பஸ்ஸே ஓடல, புது பஸ்ஸுக்கு யாரு ஆர்டர் கொடுப்பா? வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட் போன். எனக்கு கிளாஸ் 10 மணிக்கு. அப்போ ஏழாவது படிச்ச தம்பிக்கு பத்தரைக்கு. நடுவுல பட்டறையில இருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தா ரெண்டு கிளாஸும் கட். போர்டுல போட்ட கணக்கை போட்டோ எடுத்து சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்புல போடுவாங்க. கெமிஸ்ட்ரியை அப்படிப் படிச்சு சமாளிச்சிடலாம். மேத்ஸ் முடியாது. போட்டோவுல முடிஞ்ச கணக்குதான் இருக்கும். மூணாவது வரியில இருந்து நாலாவது வரிக்கு சாக்பீஸ் எப்படிப் போச்சுன்னு அதுல தெரியாது.

அந்த மேத்ஸ் மார்க்கை நம்பித்தான் எல்லாமே இருந்துச்சு. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-ல மேத்ஸ் மட்டும் 100. ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. அதாவது மேத்ஸ்ல 10 மார்க் கூடினா கட்-ஆஃப் அப்படியே 10 கூடும். ஃபிசிக்ஸ்ல 10 கூடினா 5 தான். அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே தெளிவா சொல்லிட்டாரு: "கவுன்சிலிங்ல கெடச்சா சேரு பாப்பா. காசு கட்டி சேக்கற நெலமையில அப்பா இல்ல." எங்க வீட்டுல யாரும் காலேஜ் போனதில்ல. கவுன்சிலிங் வழியா சீட் வந்தா முதல் பட்டதாரி சலுகையில டியூஷன் ஃபீஸ் பாரம் குறையும். அந்த வழியும் மேத்ஸ் மார்க்கைத் தாண்டித்தான் போகணும்.

11 மார்க் பேப்பர்

முதல் டெஸ்ட்டுக்கு அப்புறம் எல்லாரும் சொன்னது ஒரே விஷயம்தான்: இன்னும் நிறைய போட்டுப் பாரு. போட்டேன். தினமும் மூணு மணி நேரம். எக்ஸாம்பிள் கணக்கு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப எழுதினேன். ரெண்டாவது டெஸ்ட்ல 13. மூணு மணி நேர உழைப்புக்கு ரெண்டு மார்க் கூலி.

எங்க மேத்ஸ் மிஸ் அதிகம் பேசாதவங்க. பேப்பரைக் கையில கொடுக்கும்போது சொன்னாங்க: "மார்க்கை மறந்துடு கண்ணு. ஒவ்வொரு கணக்குலயும் எந்த வரியில உன் கை நிக்குதுன்னு பாரு. அந்த வரி எந்த கிளாஸ் பாடம்னு பக்கத்துல எழுதிட்டு வா."

எந்த கிளாஸ் பாடமா? பிளஸ் டூ கணக்கு பிளஸ் டூ பாடம்தானே? எனக்குப் புரியல. இருந்தாலும் ஒரு பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். டெஸ்ட் பேப்பர், ஹோம்வொர்க் எதுவா இருந்தாலும், முடிக்க முடியாம நின்ன ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி. டிசம்பர் வரைக்கும் 40 கணக்கு சேர்ந்துச்சு. எண்ணிப் பார்த்தேன்.

மைனஸ் குறியிலயும் பின்னத்துலயும் நின்னது 13. ஃபேக்டரைஸ் பண்றது, வர்க்கப் பூர்த்தி செய்றது, இதுல நின்னது 9. பிளஸ் ஒன் டிரிக்னாமெட்ரி ஃபார்முலாவுல 8. பிளஸ் ஒன் கால்குலஸ்ல 7. நிஜமாவே பிளஸ் டூ-வுல புதுசா வந்த விஷயத்துல நின்னது வெறும் 3.

அந்தப் பக்கத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். 40-ல 37 கணக்கு நான் அதுவரைக்கும் தொடாத புக்குல நின்னிருந்துச்சு. பிளஸ் டூ புக்கை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த 37-க்கு அதுல பதில் கிடையாது.

ரெண்டு உதாரணம் சொல்றேன். காம்ப்ளக்ஸ் நம்பர்ஸ்ல 1 பை 3 பிளஸ் 2ஐ வந்தா, மேலயும் கீழயும் 3 மைனஸ் 2ஐ-யால பெருக்கணும். கீழ 13 வந்து நிக்கும், ஐ காணாமப் போயிடும். எனக்கு இது மந்திரம் மாதிரி இருந்துச்சு. ஒன்பதாவது புக்கைத் திறந்தா, 1 பை 3 பிளஸ் ரூட் 2-ஐ 3 மைனஸ் ரூட் 2-வால பெருக்கி, கீழ 7-னு கொண்டு வந்திருக்காங்க. ரெண்டும் ஒரே வேலைதான். அங்க ரூட்டைத் துரத்துறோம், இங்க ஐ-யைத் துரத்துறோம். இன்னொண்ணு பாராபோலா, எலிப்ஸ். கணக்குல பாதி எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 6எக்ஸ்னு பார்த்ததும் 9-ஐக் கூட்டி 9-ஐக் கழிக்கிறதுலயே இருக்கு. அது பத்தாவது பாடம். அந்த ஒரு படி கைக்கு வரலன்னா ஃபோகஸ், டைரக்ட்ரிக்ஸ் வரைக்கும் போகவே முடியாது. எலிப்ஸ்ஸே புரியலன்னு நாம முடிவு கட்டிடுவோம்.

பிரவுன் அட்டைக்குள்ள ஒன்பதாவது புக்

பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒன்பதாவது மேத்ஸ் புக்கைத் தூக்கிட்டு பஸ்ல போனா எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, மேல ஃபிசிக்ஸ்னு லேபிள் ஒட்டினேன். (இப்போ அந்தக் கவலையும் இல்ல. பாடநூல் எல்லாமே பி.டி.எஃப்-ஆ இலவசமா கிடைக்குது. போன்ல யாரு என்ன படிக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?)

அந்த நாட்கள்ல ஒரு ராத்திரி நடந்ததை இங்க சொல்லணும். 5 பை 8-ஐயும் 3 பை 4-ஐயும் கூட்டுற கணக்கு. ஓரத்துல எல்.சி.எம். போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே நோட்டைப் பார்த்தாரு. "இதென்ன, அஞ்சு நூலும் முக்கால் இஞ்சும்தானே? ஒரு இஞ்சு மூணு நூல்" அப்படின்னுட்டாரு.

பட்டறையில இன்ச்சை எட்டாப் பிரிச்சு ஒரு பங்கை ஒரு நூல்னு சொல்லுவாங்க. தச்சு வேலையிலயும் இதே கணக்குதான். "எப்படிப்பா?"ன்னு கேட்டேன். "முக்கால் இஞ்சுன்னா ஆறு நூல். அஞ்சும் ஆறும் பதினொண்ணு. எட்டு நூல் போனா ஒரு இஞ்சு, மிச்சம் மூணு" அப்படின்னாரு. எட்டாவதோட படிப்பை நிறுத்தினவர் அவர். எல்.சி.எம்.ங்கற வார்த்தையே அவருக்குத் தெரியாது. ஆனா வேற வேற அளவைக் கூட்டணும்னா முதல்ல ரெண்டையும் ஒரே நூலுக்குக் கொண்டு வரணும்ங்கறது அவர் கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அதுக்கப்புறம் பார்ஷியல் ஃபிராக்ஷன் வரும்போதெல்லாம் நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டது அதைத்தான்: இங்க நூல் எது? எக்ஸ் பிளஸ் 1-உம் எக்ஸ் மைனஸ் 2-உம் கீழ இருந்தா, ரெண்டையும் பெருக்கி வர்றதுதான் பொது நூல். எழுத்து வந்ததும் பயம் வருதே தவிர, வேலை அப்பா பண்றதுதான். சொந்தக்காரங்க "இந்தக் குடும்பத்துக்கு மேத்ஸ் வராது"ன்னு சொன்னதை அன்னைக்கு நினைச்சுப் பார்த்தேன். ஒரு நூல் தப்பினா பஸ் கதவு மூடாது. எங்க அப்பா இருபது வருஷமா மூடுற கதவைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாரு.

செஞ்சது என்ன?

நீளமா எழுத ஒண்ணும் இல்ல, நாலே வேலைதான்.

முதல் மூணு வாரம் காலையில 5 மணியில இருந்து 6 மணி வரைக்கும் ஒன்பதாவது, பத்தாவது கணக்கு மட்டும். ஒரு நாளைக்கு பத்து சின்னக் கணக்கு. புக் முழுசையும் படிக்கல. நோட்டுல எந்த இடத்துல நின்னேனோ அந்தப் பகுதி மட்டும். சிந்தெட்டிக் டிவிஷன் மூணே நாள்ல வந்துடுச்சு. பதினாலு வயசுல புரியாதது பதினேழு வயசுல சீக்கிரம் புரியுது. நாம வளர்ந்திருக்கோம்ங்கறதை நாமளே மறந்துடறோம்.

ரெண்டாவது, எக்ஸாம்பிள் கணக்கைப் பார்த்து எழுதறதை நிறுத்தினேன். விடையை ஒரு அட்டையால மூடி, ஒரு வரி மட்டும் திறந்து, அடுத்த வரி என்னவா இருக்கும்னு நானே எழுதி, அப்புறம் அட்டையை இறக்கிப் பார்ப்பேன். ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனா கை எங்க நிக்குதுன்னு உடனே தெரிஞ்சுடும். பார்த்து எழுதும்போது கை எங்கயுமே நிக்காது. அதனாலதான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

மூணாவது, முடிச்ச கணக்கை ரெண்டு நாள் கழிச்சு புக்கை மூடி வச்சு மறுபடி போடுறது. வந்தா ஒரு டிக். வரலன்னா மறுபடி நோட்டுல ஒரு வரி.

நாலாவது, கேள்வித்தாளைப் பிரிச்சுப் பார்த்தது. எழுத்துத் தேர்வு 90 மார்க். அதுல ஒன் மார்க் 20, ரெண்டு மார்க் 7, மூணு மார்க் 7, அஞ்சு மார்க் 7. இன்டர்னல் 10. அஞ்சு மார்க் கணக்குல படிப்படியா மார்க் உண்டு. பாதியில நின்னாலும் நின்ன இடம் வரைக்கும் கிடைக்கும். அதனால எதையும் வெத்தா விடக்கூடாதுன்னு மிஸ் தலைதலையா அடிச்சுப்பாங்க.

மார்க் சினிமாவுல ஏறுற மாதிரி ஏறல. பிப்ரவரி ரிவிஷன்ல 90-க்கு 34. வீட்டுல யாரும் எதுவும் பேசல. ஆனா நோட்டு வேற ஒண்ணு சொல்லிச்சு. அந்தத் தடவை மைனஸ், பின்னத்துல நின்னது ரெண்டே கணக்கு. மீதி எல்லாம் பிளஸ் ஒன் கால்குலஸ்ல. அப்போ அடுத்து எங்க போகணும்னு தெரியும் இல்லையா? ரெண்டாவது ரிவிஷன்ல 58. அந்த வருஷம் பாடத்திட்டத்தைக் குறைச்சிருந்தாங்க, அதுவும் எங்களுக்குக் கை கொடுத்துச்சு, மறைக்க வேண்டியதில்ல. 2022 மே 5-ல பரீட்சை ஆரம்பிச்சு, ஜூன் 20-ல ரிசல்ட் வந்துச்சு. எழுத்துல 71, இன்டர்னல் 10. கட்-ஆஃப் 162. கவுன்சிலிங்ல இந்தக் காலேஜ், ஈ.ஈ.ஈ.

என் ஃபிரெண்ட் ஒருத்தி டியூஷன் போய் 96 எடுத்தா. டியூஷன் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எனக்கு அதுக்குக் காசு இல்ல, அவ்வளவுதான். ஆனா அவளும் சொன்னா, அங்க சார் முதல் மாசம் முழுக்க பத்தாவது கணக்கைத்தான் போட வச்சாராம்.

இங்க வந்ததும் சர்க்யூட்ஸ்ல இம்பீடன்ஸ் கணக்கு வந்துச்சு. அதே காம்ப்ளக்ஸ் நம்பர்தான். ஐ கரன்ட்டுக்குப் போயிட்டதால இங்க அதுக்கு ஜே-ன்னு பேரு. கீழ ஜே இருந்தா கான்ஜுகேட்டால பெருக்கணும். கிளாஸ்ல பாதிப் பேர் அந்த இடத்துல நின்னதைப் பார்த்தேன். எல்லாரும் அதே ஆல் பாஸ் பேட்ச்தானே. அன்னைக்கு அவங்களும் அதே வசனத்தைத்தான் சொன்னாங்க: மேத்ஸ் வராது. ஜே-வைக் கொண்டு போய் ரூட் 2 பக்கத்துல வச்சுக் காமிச்சா பத்து நிமிஷ வேலை.

தம்பியோட பேப்பர்

ஏழாவது படிச்ச தம்பின்னு சொன்னேனே, அவன் இப்போ பிளஸ் டூ. அரையாண்டுல மேத்ஸ் 90-க்கு 41. போன் பண்ணி, "அக்கா, எனக்கும் வராது போலக்கா"ன்னான். அவனுக்கு நெருக்கடி என்னைவிட அதிகம். முதல் பட்டதாரி சலுகை வீட்டுல ஒருத்தருக்குத்தான். அதை நான் வாங்கிட்டேன். அவன் ஃபீஸ் குறைஞ்ச அரசுக் கல்லூரியில சேரணும்னா என்னோட 162 அவனுக்குப் பத்தாது.

ஒன்பதாவது புக்கை எடுடான்னு சொல்லத்தான் முதல்ல வாய் வந்துச்சு. ஆனா பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ரெண்டு பேரும் வீடியோ கால்ல உக்காந்து எண்ணினோம். போன 49 மார்க்குல 20 மார்க், கடைசியில நேரம் இல்லாம விட்ட நாலு அஞ்சு மார்க் கணக்கு. வெக்டரும் இன்டக்ரேஷன் அப்ளிகேஷனும் கஷ்டம்னு அவன் மொத்தமா ஒதுக்கி வச்சதுல இன்னொரு 20. ஒன் மார்க்ல 9. மைனஸ், பின்னம் எதுலயும் அவன் நிக்கவே இல்ல! ஏழாவதுல போன்ல விட்டதை எல்லாம் அவன் எட்டாவது, ஒன்பதாவதுல ஸ்கூலுக்கே போய்ப் பிடிச்சுட்டான். என் மருந்தை அவனுக்குக் கொடுத்திருந்தா ரெண்டு மாசம் வீணாப் போயிருக்கும்.

அவனுக்கு வேற திட்டம். மூணு மணி நேரம்னா 180 நிமிஷம். ஒன் மார்க் 20-க்கு 20 நிமிஷம். ரெண்டு மார்க் ஒவ்வொண்ணும் 4 நிமிஷம், மூணு மார்க் 6, அஞ்சு மார்க் 10. கூட்டினா 160. மிச்சம் 20 நிமிஷம் சரிபார்க்க. இப்போ தினமும் ஒரு அஞ்சு மார்க் கணக்கை கடிகாரம் வச்சுப் போடுறான். முதல் நாள் 16 நிமிஷம் ஆச்சு. போன வாரம் 11. ஒதுக்கி வச்ச ரெண்டு பாடத்துல வெக்டரை ஆரம்பிச்சிருக்கான். மார்ச்சுல பப்ளிக். என்ன வரும்னு எனக்குத் தெரியாது. எங்க நிக்கிறான்னு அவனுக்கே இப்போ தெரியும்.

வீட்டுல பிளஸ் ஒன் படிக்கிற தம்பி தங்கச்சி இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கல்வியாண்டுல இருந்து பிளஸ் ஒன்னுக்கு பப்ளிக் கிடையாதுன்னு 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. பசங்களுக்கு பாரம் குறைஞ்சா நல்லதுதான். ஆனா பரீட்சைதான் போயிருக்கு, பாடம் அங்கயேதான் இருக்கு. பரீட்சை இல்லாத பிளஸ் ஒன் எப்படி இருக்கும்னு எங்க பேட்ச்சைக் கேளுங்க. என் 40 கணக்குல 15 அங்கதான் நின்னுச்சு.

ஃபர்ஸ்ட் இயர் மக்களே, எம்-1 இன்டர்னல் பேப்பர் கையில இருந்தா தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்துல எந்த கிளாஸ்னு எழுதுங்க. தனியா எண்ண போர் அடிச்சா பேப்பரோட வாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கேன்டீன்ல இருப்பேன். டீ உங்க செலவு.